மாசியில் ஒருமுறை பெட்டியைத் திறங்கள்: சிறுவயதுப் பொம்மைகளையும் அவற்றின் கதைகளையும் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை வீடுகளில் பொம்மைப் பெட்டி பரணிலிருந்து இறங்குவது வருடத்துக்கு ஒரே ஒருமுறை, நவராத்திரிக் கொலுவுக்காக மகாளய அமாவாசையை ஒட்டி. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாளே எல்லாவற்றையும் சுற்றிக் கட்டி மேலே ஏற்றிவிடுகிறோம். ஒன்பது நாள் விளக்குப் புகையும் கடற்காற்றின் ஈரமும் பட்ட பொம்மைகள், வடகிழக்குப் பருவமழை நெருங்குகிற நேரத்தில் செய்தித்தாளுக்குள் போகின்றன. அடுத்த பதினோரு மாதம் அந்த ஈரத்தோடு கிடக்கின்றன. பாட்டி வாங்கிய தசாவதாரத்தில் வர்ணம் செதில் செதிலாகப் பெயர்வது, மரப்பாச்சியின் காலடியில் மாவு கொட்டுவது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இந்த அவசரக் கட்டுதான் ஆரம்பம்.

ஆகவே இரண்டு முறை கட்டுங்கள். விஜயதசமிக்கு மறுநாள் கட்டுவது தற்காலிகக் கட்டு: தூசி தட்டி, துணியில் சுற்றி, மூடியை இறுக்காமல் வீட்டுக்குள்ளேயே ஓர் அலமாரியில் வைத்தால் போதும். நிஜமான கட்டு மாசியில். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை சென்னையில் மழை ஓய்ந்து, சுவர்கள் காய்ந்து, கோடைப் புழுக்கம் இன்னும் ஏறாமல் இருக்கும். அதிலும் நேரம் பார்த்து வேலை செய்யவேண்டும். விடியற்காலையில்தான் காற்றில் ஈரம் அதிகம். பத்து மணிக்குமேல் குறையும். பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் மறுபடி ஏறத் தொடங்கும். பத்திலிருந்து ஒரு மணிவரை நல்ல நேரம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அது 65 சதவீதத்துக்குக் கீழே காட்டினால்தான் பெட்டியை மூடலாம். அதற்குமேல் போனால் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கிறோம் என்று பொருள்.

இங்கே சொல்வது கொலு பொம்மைகளுக்கு மட்டுமல்ல. சொப்புச் சாமான், துணிப் பொம்மை, பிளாஸ்டிக் பாப்பா என்று சிறுவயதிலிருந்து சேர்ந்த எதற்கும் பொருந்தும்.

துடைப்பதற்கு முன்னால் எழுதுங்கள்

பெட்டியைத் திறந்ததும் கை தானாகத் துணியைத் தேடும். வேண்டாம். முதல் நாள் முழுக்கப் படம் எடுப்பதும் எழுதுவதும்தான் வேலை. பொம்மையின் அழுக்குகூட ஒரு தகவல். மரப்பாச்சியின் நெற்றியில் காய்ந்த மஞ்சள், பொம்மையின் அடியில் பென்சிலால் எழுதிய விலை, சுற்றியிருந்த தாளின் தேதி எல்லாம் ஒரே துடைப்பில் போய்விடக்கூடியவை.

ஒவ்வொரு பொம்மைக்கும் நான்கு படம் எடுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம், சுற்றியிருந்த தாள் அல்லது துணியோடு ஒன்று. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் பின்னால் உயரத்தைப் பற்றிச் சந்தேகம் வராது. ஜன்னலோர வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் பளபளப்பில் விரிசல் மறைந்துவிடும். எண் கொடுப்பதை எளிமையாக வையுங்கள்: 1, 2, 3. செட்டாக இருந்தால் 14-அ, 14-ஆ. எண்ணைப் பொம்மையின்மேல் எழுதாதீர்கள். வெள்ளைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, நூலால் தளர்வாகக் கட்டுங்கள். பேனா மை ஈரத்தில் கசியும். ஸ்டிக்கரின் பசை நாலைந்து வருடத்தில் மஞ்சளாகி வர்ணத்தோடு உரிந்துவரும்.

பொம்மையின் வயதைக் கண்டுபிடிக்க அடிப்பாகம்தான் நல்ல சாட்சி. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாதம்தான் தசம நாணயம் வந்தது, ஆனாலும் பழக்கத்தில் அணா என்றே எழுதிய கடைக்காரர்கள் சில காலம் இருந்தார்கள். ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது எனலாம். அட்டைப் பெட்டியில் கடை முகவரி இருந்தால் இன்னும் நல்லது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் அறிமுகமானது. ‘600 017’ என்றிருந்தால் அதற்குப் பிறகு அச்சடித்த பெட்டி. வெறும் ‘மெட்ராஸ்-17’ என்றிருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம், ஆனால் உறுதியில்லை. பழைய வழக்கத்திலேயே பலர் தொடர்ந்து எழுதினார்கள். ஆங்கில எழுத்தில் ‘மெட்ராஸ்’ இருந்தால் பெரும்பாலும் 1996க்கு முந்தையது. தமிழில் ‘சென்னை’ என்று அச்சடித்திருப்பதை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது; தமிழில் 1996க்கு முன்பும் சென்னை என்று எழுதும் வழக்கம் இருந்தது. சுற்றிய செய்தித்தாளின் தேதி கடைசியாகக் கட்டிய நாளைச் சொல்லும், வாங்கிய நாளை அல்ல. தேதி தெரியும்படி படம் எடுத்துவிட்டுத் தாளைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது பெரியவர்களைக் கேட்பது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். பொம்மையை எப்போது வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அதைச் சீராகக் கொண்டுவந்த அத்தையிடம் கேட்கும் காலத்தைத் தவறவிட்டால் வேறு வழியே கிடையாது.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. மொத்தப் பெட்டியையும் முன்னால் பரப்பினால் யாருக்கும் மலைப்புத்தான் வரும், பேச்சு வராது. ஒரு பொம்மையை மட்டும் கையில் கொடுங்கள். ‘ஞாபகம் இருக்கா?’ என்று தொடங்கினால் ‘இருக்கு’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். இடத்தைக் கேளுங்கள்: ‘இது எந்தப் படியில நிக்கும்? பக்கத்துல என்ன இருக்கும்?’ ஆளும் வருஷமும் மறந்தவர்களுக்கும் இடம் மறப்பதில்லை. படி நினைவுக்கு வந்தால் அந்த வீட்டுக் கூடம் வரும், கூடம் வந்தால் அங்கே இருந்த மனிதர்கள் வருவார்கள். அதன்பின் கேட்கவேண்டியவை: யார் வீட்டிலிருந்து வந்தது, யார் தொட்டால் அடி விழும், கை எப்படி உடைந்தது, உடைத்தது யார், அதற்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்.

போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு பொம்மைக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். கோப்பின் பெயர் பொம்மையின் எண்ணாகவே இருக்கட்டும். நடுவில் திருத்தாதீர்கள். அண்ணன் ஒரு கதையும் அக்கா வேறு கதையும் சொன்னால் இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதிவையுங்கள். எது சரி என்று தீர்ப்பு சொல்ல வேண்டிய இடம் இது இல்லை.

குறிப்பேட்டில் ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: ‘27. செட்டியார். காகிதக்கூழ். உயரம் 18 செ.மீ. இடது காது ஒட்டியது. நாலாம் படி, வலது ஓரம், முன்னால் அரிசி பருப்புக் கிண்ணங்கள். செட்டிச்சி 28. காஞ்சிபுரத்துப் பெரியம்மா கொடுத்தது என்கிறார் அம்மா. மயிலாப்பூரில் வாங்கியது என்கிறார் சித்தி. ஒலி 27.’ கெட்டி அட்டை நோட்டில் பென்சிலால் எழுதி, பக்கங்களைப் படமெடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேருக்காவது அனுப்பிவையுங்கள்.

எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுதல்

சேதங்களில் பாதி, ஒன்றுக்குச் செய்யவேண்டியதை இன்னொன்றுக்குச் செய்வதால் வருகிறது. பொம்மையைக் கவிழ்த்து, வர்ணம் படாத அடியைப் பாருங்கள். செங்கல் நிறமும், விரலால் மெல்லத் தட்டினால் தெளிந்த ஒலியும் இருந்தால் சுட்ட களிமண். சுண்ணக்கட்டி போல வெள்ளையாக, கீறினால் மாவு உதிர்ந்து, தட்டினால் மொத்தென்று கேட்டால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். உருவத்துக்குப் பொருந்தாத லேசான எடையோடு, ஓரத்தில் நார் தெரிந்தால் காகிதக்கூழ். பண்ருட்டி, காஞ்சிபுரம் பக்கத்துப் பொம்மைகளில் மண்ணும் உண்டு, கூழும் உண்டு. ஊரை வைத்து ஊகிக்காமல் அடியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பிறகு வர்ணச் சோதனை. காதுகுடையும் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் தொட்டு, பிழிந்து, பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஒருமுறை மெல்ல உருட்டுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது பசை கலந்த பழைய தண்ணீர் வர்ணம். அந்தப் பொம்மைக்கு இனி எந்தக் காலத்திலும் ஈரம் ஆகாது. நிறம் ஏறாவிட்டால் எனாமல் அல்லது அக்ரிலிக். சோதனையை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். உடம்பின் நீலம் கெட்டியாக இருந்து, புருவத்தின் கறுப்பு கரைந்தோடிய பொம்மைகள் ஏராளம்.

சுத்தம் செய்தல்: மண், கூழ், பிளாஸ்டர்

வேண்டிய கருவி ஒன்றுதான்: ஒரு அங்குல அகலமுள்ள மிருதுவான பெயின்டிங் பிரஷ், மடிப்புகளுக்கு இன்னொரு சின்னது. மேலிருந்து கீழாகத் தூசியைத் தள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சிலும் ஈரம் உண்டு. கேமரா லென்ஸுக்கு விற்கும் ரப்பர் ஊதியை வைத்துக்கொள்ளலாம். செதிலாக வர்ணம் எழும்பிய இடத்தில் பிரஷ்கூட வேண்டாம். அங்கே முதலில் ஒட்டவேண்டும்: ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு (ஃபெவிகால் போன்றது) நான்கு பங்கு தண்ணீர் கலந்து, பூஜ்ய எண் பிரஷ்ஷின் நுனியால் செதிலின் அடியில் ஒரு சொட்டு விடுங்கள். தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் கழித்து, பட்டர் பேப்பரை வைத்து விரலால் மெல்ல அழுத்துங்கள். தண்ணீர் வர்ணமாக இருந்தால் இந்தச் சொட்டே கறை விடக்கூடும், ஆகவே பின்பக்கம் ஒரு செதிலில் செய்து பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

எனாமல் பூசிய சுட்ட மண் பொம்மையில் விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தால் மட்டும் ஈரத்துணி. ஒரு கிண்ணம் தண்ணீருக்கு இரண்டு சொட்டு ஷாம்பூ, நன்றாகப் பிழிந்த துணி, உடனே உலர்ந்த துணி. ஒரு கை அகலத்துக்கு மேல் ஒரே நேரத்தில் நனைக்கக்கூடாது. அடிப்பாகத்தையும் விரிசலையும் தொடவேண்டாம், மண் அங்கேதான் தண்ணீரைக் குடிக்கும். பிளாஸ்டருக்கும் கூழுக்கும் ஈரமே வேண்டாம்.

வெள்ளையாக ஏதாவது பூத்திருந்தால் அது உப்பா பூஞ்சணமா என்று முதலில் தீர்மானியுங்கள். போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் உப்பு பொடிக்கற்களாகவும், பூஞ்சணம் பஞ்சு நூலாகவும் தெரியும். பூஞ்சணத்துக்கு மக்கிய வாடை உண்டு. உப்பு, களிமண்ணிலும் அது குடித்த தண்ணீரிலும் இருந்தது. ஈரம் வெளியேறும்போது மேலே வந்து படிகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர வீடுகளில் காற்றிலும் உப்பு உண்டு. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். துடைத்தால் கரைந்து உள்ளே போய் அடுத்த கோடையில் மறுபடி வரும். பூஞ்சணமானால் பொம்மையைத் தனியாக எடுத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் மாவாக உதிரும். மொட்டைமாடியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு தட்டுங்கள். நேர் வெயிலில் காயவைக்கவே கூடாது. மேல் தோல் சூடேறி விரிந்து, உள்ளே குளிர்ந்தே இருப்பதால் வர்ணம் வெடிக்கும்.

மரம்

மரப்பாச்சி செம்மரமாகவோ கருங்காலியாகவோ இருக்கும். வர்ணம் இல்லாததால் இதற்கு ஆபத்து குறைவு, ஆனால் இதைத்தான் அதிகம் ‘கவனித்து’க் கெடுக்கிறோம். வருடாவருடம் தேய்த்த நல்லெண்ணெய் கெட்டிப்பட்டுப் பிசின்போல ஒட்டி, அதில் தூசி ஏறிக் கறுத்திருக்கும். உலர்ந்த பழைய வேட்டித்துணியால் அழுத்தித் தேய்த்தாலே பாதி போய்விடும். மீதிக்கு, பிழிந்த ஈரத்துணியும் உடனே உலர்துணியும். பளபளப்பு வேண்டுமென்றால் பட்டாணி அளவு தேன்மெழுகு பாலிஷைத் துணியில் எடுத்துத் தேய்த்து, பத்து நிமிடத்தில் துடைத்தெடுத்துவிடுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் தொடக்கூடாது. செம்மரத்தின் சிவப்பு ஆல்கஹாலில் இறங்கும். கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளுக்கும் இதே எச்சரிக்கை: அவற்றின் மினுமினுப்பு அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரையும், வெயிலேறும் பரணில் வைத்தால் இளகும்.

மரப்பாச்சிக்குக் கட்டிய பட்டுத்துணியை வைக்கும்போது கழற்றிவிடவேண்டும். குண்டூசி துருப்பிடித்து மரத்தில் கறையை இறக்கும், சரிகை கறுக்கும். துணியைத் தட்டையாகத் தனியே வையுங்கள். பசையால் ஒட்டி உடுத்தியிருந்தால் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சைச் சில நிமிடம் அதன்மேல் வைத்தால் மாவுப் பசையாக இருந்தால் இளகிவிடும். பிய்த்து இழுக்காதீர்கள்.

குண்டூசித் துளைகளும் மாவும் தெரிந்தால் மரம் உளுக்கிறது. ஆனால் பழைய துளையா, வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா? பொம்மையைத் தட்டிச் சுத்தம் செய்து ஒரு கறுப்புத் தாள்மேல் இரண்டு வாரம் நிறுத்திவையுங்கள். புது மாவு விழுந்தால் வண்டு இருக்கிறது. வர்ணமில்லாத மரத்துக்கு நல்ல வைத்தியம் குளிர். இரண்டு பாலித்தீன் பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் வெளியே விடுங்கள். உடனே பிரித்தால் அறையின் ஈரம் குளிர்ந்த மரத்தின்மேல் வியர்வையாகப் படியும். துணிப் பொம்மைகளுக்கும் இதே வழி. மண், பிளாஸ்டர், அரக்குப் பூச்சுள்ளவற்றை ஃபிரீஸரில் வைக்கக்கூடாது.

பிளாஸ்டிக், ரப்பர், துணி

கண் மூடித் திறக்கும் பாப்பாவைத் தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் எடையும் கம்பியும் இருக்கின்றன. தண்ணீர் போனால் துருப்பிடித்துக் கண் பாதியில் நின்றுவிடும். முகத்தைச் ஷாம்பூத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். தலைமுடியை அலசும்போது பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து, முடியை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, நுனியிலிருந்து வேர்நோக்கிச் சீவுங்கள். சூடான டிரையர் வேண்டாம், நைலான் சுருண்டுவிடும்.

பிசுபிசுப்பு என்பது அழுக்கு அல்ல. வினைல் மிருதுவாக இருக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் வருடக்கணக்கில் வெளியே கசிவதுதான் அது. சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போகும், சில மாதத்தில் திரும்ப வரும். நிரந்தரத் தீர்வு கிடையாது; பாலித்தீன் உறையில் இறுக்கிச் சுற்றாமல், காற்றுப்படும்படி, மற்ற பிளாஸ்டிக் பொம்மைகளைத் தொடாமல் வைத்தால் மெதுவாகும். கசியும் அந்தப் பொருள் பக்கத்திலிருக்கும் கெட்டி பிளாஸ்டிக்கை அரித்துப் பள்ளமாக்கும். பித்தளைத் தோடு போட்ட இடம் பச்சையாகியிருந்தால் தோட்டை உடனே கழற்றுங்கள். வினைல் முகத்தில் பால்பாயின்ட் பேனாக் கிறுக்கல் இருந்தால், முகப்பரு மருந்தாக விற்கும் பென்சாயில் பெராக்ஸைடு கிரீமைக் கோட்டின்மேல் மட்டும் தடவி, சில மணி நேரம் வெயிலில் வைத்துத் துடையுங்கள். நாலைந்து நாள் திரும்பச் செய்யவேண்டியிருக்கும். இது நிறத்தை வெளுக்கும் மருந்து, ஆகவே முதலில் முதுகில் பாருங்கள். கிறுக்கியது யாரென்று தெரிந்தால், அந்தக் கிறுக்கலை விட்டுவைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

மிகப் பழைய, பிங்பாங் பந்துபோல லேசான பாப்பாக்கள் செல்லுலாயிடாக இருக்கலாம். உள்ளங்கையால் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாடை வரும். இது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். கொலுப் படியில் விளக்குக்கு அருகே வைக்கவே கூடாது, காற்றுப்புகாத பெட்டியிலும் அடைக்கக்கூடாது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் தனியாக, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

துணிப் பொம்மையைத் துவைக்கும் ஆசையை அடக்குங்கள். பழைய சாயம் ஒன்றோடொன்று கலக்கும், உள்ளிருக்கும் பஞ்சு காயாமல் மக்கும். கொசுவலைத் துண்டை மேலே போட்டு, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் அதன்மேல் ஓட்டினால் தூசி போய்விடும்.

உடைந்ததை ஒட்டுதல்

கை உடைந்த மண் பொம்மைக்கு நொடியில் ஒட்டும் பசையை எடுக்கிறவர்கள்தான் அதிகம். அது துளையுள்ள மண்ணுக்குள் இறங்கிக் கறுப்புக் கோடாக நிற்கும், கோணலாக ஒட்டினால் திருத்த நேரம் தராது. வெள்ளைப் பசையை வையுங்கள். தவறினால் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சு வைத்துப் பிரித்து மறுபடி ஒட்டலாம்.

உடைந்த இரு முகங்களையும் பிரஷ்ஷால் தட்டி, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும், பேப்பர் கனத்துக்குப் பசை தடவி அழுத்துங்கள். பிதுங்கியதை உடனே துடைத்துவிடுங்கள். இனி முக்கியமான கட்டம்: ஒரு தட்டில் மணல் அல்லது அரிசியை நிரப்பி, ஒட்டிய துண்டு தன் எடையாலேயே நேராக உட்காரும் கோணத்தில் பொம்மையைப் புதைத்து வையுங்கள். 24 மணி நேரம் தொடக்கூடாது. ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டினால் மறுநாள் பார்க்கும்போது துண்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும்.

நீண்ட கைக்கு உள்ளே ஆதாரம் தேவைப்பட்டால் மூங்கில் சீவலோ பித்தளைக் கம்பியோ வைக்கலாம். இரும்புக் கம்பி வேண்டாம். துரு பருத்து மண்ணை உள்ளிருந்தே பிளக்கும். பழைய பொம்மைகளின் மணிக்கட்டு விரிசல்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

காணாமல்போன இடத்தை நிரப்ப, சலித்த சாக்பவுடர் மூன்று பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு, தோசை மாவைவிடக் கெட்டியாக வரும் அளவுக்குத் தண்ணீர். கூழ் பொம்மையானால் ஊறவைத்து அரைத்துப் பிழிந்த காகிதத்தை ஒரு கைப்பிடி சேர்க்கலாம். ஒரே தடவையில் அப்பினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு படலம், ஓர் இரவு காயவிடுதல், பிறகு அடுத்தது. முடிந்ததும் 220 எண் உப்புத்தாளால் புதுப்பகுதியை மட்டும் தேயுங்கள். பழைய வர்ணத்தைத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். நிறத்தைக் காய்ந்த பிறகே ஒப்பிடுங்கள்: போஸ்டர் கலர் காய்ந்தால் வெளிறும், அக்ரிலிக் காய்ந்தால் அடர்த்தியாகும்.

நிரப்பிய இடத்துக்கு மட்டுமே வர்ணம். முழுப் பொம்மைக்கும் புதுவர்ணம் அடித்துத் தரும் கைவினைஞர்கள் கொசப்பேட்டையிலும், கொலுச் சீசனில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமும் கிடைப்பார்கள். நல்ல கைதான். ஆனால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: முகத்தைத் தொடவேண்டாம், கண்ணைத் திரும்ப எழுதவேண்டாம், எனாமல் வேண்டாம். பழைய படத்தையும் கூடவே கொடுங்கள். கண் மாறினால் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு அது வேறு பொம்மை.

கட்டுதல்

செய்தித்தாளை நிறுத்துங்கள். ஐம்பது லிட்டர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில், சென்னையின் ஈரமான நாளில்கூட ஒன்றரை கிராம் தண்ணீர்தான் இருக்கும். அதே நாளில் ஒரு கிலோ செய்தித்தாள் 80 முதல் 100 கிராம் தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கும். பெட்டிக்குள் ஈரத்தைக் கொண்டுபோவது தாள்தான். அதன் மையும் அமிலமும் வர்ணத்தில் ஏறும். பழைய வேட்டி, பழைய பருத்திப் புடவை சிறந்தவை, ஆனால் கஞ்சி போகுமாறு இரண்டு முறை அலசி, நன்றாகக் காயவைத்த பிறகு. கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும்.

நீட்டிய கைக்கும் மூக்குக்கும் முதலில் துணி வளையம் ஒன்று செய்து போட்டு, பிறகு முழுதாகச் சுற்றுங்கள். எண் நாடா வெளியே தெரியட்டும். கனமானவை கீழே, கூழும் துணியும் மேலே. நடுவில் ஓர் அட்டைத் தட்டு. பெட்டியை மெல்ல ஆட்டினால் உள்ளே அசைவு கேட்கக்கூடாது. மூடியின் உட்புறம் எண் பட்டியலை ஒட்டிவிடுங்கள், அடுத்த கொலுவுக்குப் பத்துப் பொம்மையைப் பிரித்து ஒன்றைத் தேடும் வேலை மிச்சம்.

ஐம்பது லிட்டருக்கு 250 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி மேலே வையுங்கள். பாரிமுனை ரசாயனக் கடைகளில் கிலோக்கணக்கில் கேட்டு வாங்கலாம். ஆரஞ்சு மணி பச்சையாகும் வகையாக இருக்கட்டும். பச்சையானதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் மறுபடி ஆரஞ்சாகும். பாச்சை உருண்டையைப் பிளாஸ்டிக் பொம்மையோடு போடாதீர்கள், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். வேப்பிலை போடுவதானால் கையில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்ததாக இருக்கவேண்டும். பச்சை இலை ஈரத்தைத்தான் சேர்க்கும்.

பழைய டிரங்குப் பெட்டி எலிக்கும் கரையானுக்கும் நல்ல காவல். உள்ளே துரு இருந்தால் தேய்த்து பெயின்ட் அடித்து, ஒரு மாதம் திறந்துவைத்து வாடை போனபின் பயன்படுத்துங்கள். வைக்கும் இடம் மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள பரணாக இருக்கவேண்டாம், மே மாதத்தில் அங்கே வெயில் நேரே இறங்கும். மழை நனையும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். உட்சுவர் அலமாரியின் நடுத்தட்டு சரியான இடம். தரைத்தள வீடானால் இடுப்பு உயரத்துக்குமேல் வையுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரிப் பக்கம் கட்டிலுக்கு அடியில் வைத்ததெல்லாம் தண்ணீரில்தான் இருந்தது.

அப்படி நனைந்துவிட்டால் உடனே சுற்றுத்துணியை எடுத்துவிடுங்கள், ஆனால் பொம்மையைத் துடைக்காதீர்கள். சேற்று நீரானால் சுட்ட மண், வினைல் இரண்டை மட்டும் நல்ல தண்ணீரில் மெல்ல அலசலாம். கூழ் பொம்மை ஊதியிருக்கும். தூக்காமல், தட்டோடு நகர்த்தி, மின்விசிறிக் காற்று நேராகப் படாத நிழலில் ஒரு வாரமாவது விடுங்கள். ஈரத்தில் அழுத்தி உருவத்தைச் சரிசெய்யப் பார்த்தால் முகம் போய்விடும். உதிர்ந்த செதில்களை ஒரு டப்பாவில் எண்ணோடு சேர்த்துவையுங்கள்.

பங்கு பிரிக்கும்போதும், அடுத்த கைக்குக் கொடுக்கும்போதும்

வீடு மாறும்போது, அம்மாவுக்குப் பிறகு, பொம்மைகள் பிரியும். தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் செட்டிச்சி, மரப்பாச்சி ஜோடி இவற்றை உடைக்காமல் ஒருவரிடமே கொடுங்கள். குறிப்பேடும் ஒலிப்பதிவும் எல்லோருக்கும் முழுதாகப் போகட்டும். யாரிடம் எந்த எண் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதினால் பத்து வருடம் கழித்தும் தேடலாம்.

குழந்தைகள் கேட்டால் எல்லாவற்றையும் மறுக்காதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு இந்தியாவில் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்ற வரம்பு வந்தது 2017இல்தான். அதற்கு முந்தைய வர்ணப் பொம்மைகளை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் தரவேண்டாம். வர்ணமும் எண்ணெய்ப் பூச்சும் இல்லாத மரப்பாச்சியையும் கல்சட்டிச் சொப்பையும் தாராளமாகத் தரலாம். கீழே போட்டு ஒரு முனை நசுங்கினால் அந்த எண்ணுக்கு நேரே இன்னொரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, குழந்தையின் பெயர், எந்த வீட்டுக் கூடம், என்ன விளையாடியது.